ஒரு பக்கம் வெட்டிய குதிரை

நான் ஒரு குதிரைக்கு முடி வெட்டியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், அரைக் குதிரைக்கு. இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. என் குடும்பத்தார் சொல்லிவிடுவதால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

லண்டனின் குட்மேய்ஸில் வீடும் இல்ஃபோர்டில் மருந்துக்கடை வேலையுமாக இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்தானுக்குக் குதிரை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மகள் நிலாவால் வந்தது. பன்னிரண்டு வயதில் அவளுக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்தது. லண்டன் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு லாயம் இருக்கிறது. அங்கே ஜேன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, இடுப்பில் சத்திரசிகிச்சை செய்ததால் ஏற முடியாமல், தன் குதிரையைப் பகிர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு, மூன்று நாள் இன்னொருவருக்கு, திங்கட்கிழமை குதிரைக்கு ஓய்வு. (எனக்கு இந்த நாட்டில் அப்படி ஒரு திங்கட்கிழமை இன்னும் வாய்க்கவில்லை.)

ஆறே வாரத்தில் நிலாவுக்குப் பைத்தியம் தெளிந்து, கால்பந்துக்குப் போய்விட்டாள். நாங்களோ வசந்தகாலம் வரைக்கும் பார்த்துக்கொள்வதாக ஜேனிடம் ஒப்புக்கொண்டிருந்தோம். ஆகவே ஒரு மழைநாளில் நானே ஏறினேன். பிறகு இறங்க மனம் வரவில்லை. நாள் முழுக்க "என்ர குளிசை வந்திட்டுதோ?" என்று கேட்பவர்களோடு மாரடிப்பவனுக்கு, எதையுமே கேட்காத ஓர் உயிரின் முதுகில் அரை மணி நேரம் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த உயிரின் பெயர் டொஃபி. குட்டையான, பருத்த, மண்ணிறக் குதிரை. நவம்பர் பிறந்ததும் அவனுக்கு முடி வளரத் தொடங்கியது. வளர்ந்தது என்றால் சும்மா இல்லை. வாசலில் கால் துடைக்கும் தும்புத் தடுக்கை நாலு பக்கமும் போர்த்திவிட்ட மாதிரி இருந்தான்.

டொஃபியின் மற்றப் பாதிக்காரர் டொக்டர் மல்லிகா. பினாங்குத் தமிழர். முப்பது வருடம் ஆட்களுக்கு மயக்க மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் இன்னமும் எதிரில் நிற்பவர் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கிவிடுவார்.

"ரவி, இவனுக்கு முடியை எடுத்துடணும்," என்றார் ஒரு நாள். "பத்து நிமிஷம் ஓட்டினா வேர்த்து ஊத்துது. ஈரத்தோட நின்னா குளிர் பிடிக்கும் லா."

"ஏலாது டொக்டர்," என்றேன் நான். "டிசம்பர் வருது. கடவுள் குடுத்த கோட்டைக் கழட்டினா அவன் விறைச்சுப் போவான்."

குதிரையைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதுதான். ஆனால் இருபத்தைந்து வருடம் டொக்டர்கள் எழுதியதை வாசித்து, அப்படியே எடுத்துக் கொடுத்தவன் நான். வாழ்க்கையில் ஒரு முறையாவது ஒரு டொக்டரிடம் "ஏலாது" என்று சொல்லக் கிடைத்தால் விடுவேனா?

மூன்று வாரம் சண்டை நடந்தது. அவர் டொஃபியின் மூச்சை எண்ணி ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார். நான் அவன் காதைத் தொட்டுப் பார்த்து, குளிர்கிறது என்று அறிக்கை விட்டேன். "நான் ஜனவரி மாதம் ஹீத்ரோவில ஒரு பருத்திச் சேர்ட்டோட வந்திறங்கினவன் டொக்டர். குளிரெண்டா என்னெண்டு எனக்குத் தெரியும்," என்று குரலைத் தழுதழுக்கவைத்துக்கூடப் பார்த்தேன்.

"நீங்க குதிரை இல்லை ரவி," என்றார் அவர்.

கடைசியில் இருவருமாக ஜேனுக்கு எழுதிக் கேட்டோம். ஜேனின் பதில் சுருக்கமாக வந்தது: வெட்டுவதும் விடுவதும் உங்கள் இருவர் விருப்பம். ஆனால் இருவரும் சம்மதித்தால் மட்டுமே செய்யுங்கள். தன்னிச்சையாக முடிவெடுக்கிறவரிடம் என் குதிரையை விட முடியாது.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். உற்சாகத்தில் டொஃபியைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டிவிட்டேன். இறங்கிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து எழும்பினவன் போல நிற்கிறான். துவாயால் துடைத்தேன், வைக்கோலால் தேய்த்தேன், ஒன்றரை மணி நேரம் கையில் பிடித்து நடத்தினேன். அந்தத் தடுக்கு காயவேயில்லை. காற்று அடித்தபோது அவன் தோள் மெல்ல நடுங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் என்னிடம் எதையோ கேட்டது அன்றுதான் முதல் தடவை.

டொக்டர் சொன்னதுதான் சரி. அதை அவரிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். மனிதனாகப் பிறந்தவன் அதைத்தான் செய்திருப்பான். நான் வேறு திட்டம் போட்டேன். டொக்டர் பர்மிங்காமில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்; ஞாயிறு இரவுதான் திரும்புவார். அதற்குள் நானே வெட்டி முடித்துவிட்டு, "நானும் யோசிச்சுப் பாத்தன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம். சம்மதம்? அவர் மூன்று வாரமாகச் சம்மதித்துக்கொண்டுதானே இருக்கிறார்!

லாயத்தை நடத்தும் கரோலிடம் குதிரைக்கென்றே உள்ள பெரிய மெஷின் இருந்தது. ஆனால் கரோலிடம் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே மனைவியின் தம்பி குமரனிடம் போனேன். இல்ஃபோர்டில் சலூன் வைத்திருக்கிறான்.

"மெஷின் ஒண்டு இரவல் தாவன்."

"ஆருக்கு அத்தான்?"

"குதிரைக்கு."

குமரன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "எத்தினையாம் நம்பர் வெட்டு?" என்று மட்டும் கேட்டான். தொழில் தெரிந்தவன்.

ஞாயிறு காலை, லாயத்தின் பின்முற்றத்தில், இடப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். டொஃபி கண்ணை மூடித் தூங்கிவிட்டான். கழுத்தின் கீழ்ப்பகுதியில் முதல் கோடு அழகாக விழுந்தது. ஆகா, நான் தொழில் மாறிப் பிறந்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவது கோடு முதல் கோட்டைச் சந்திக்கவில்லை. மூன்றாவது இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அதைச் சரிசெய்ய நாலாவது, நாலாவதைச் சரிசெய்ய ஐந்தாவது என்று வயிறு வரைக்கும் போய்விட்டேன். என் வாய்க்குள்ளும் குதிரை முடி, சேர்ட்டுக்குள்ளும் குதிரை முடி. முக்கால் மணி நேரத்தில் மெஷின் இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சுட்டது. 'க்ர்ர்ர்' என்று ஒரு முறை அழுதுவிட்டு உயிரை விட்டது.

பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் கரடி. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால், எலி அரித்த கம்பளம்.

அப்போதுதான் முற்றத்து வாசலில் குரல் கேட்டது. "ரவி! நல்ல வேளை, இருக்கீங்க!"

டொக்டர் மல்லிகா. இரவு வரவேண்டியவர், பட்டப்பகலில்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டை அவிழ்த்து டொஃபியைத் திருப்பி, கரடிப் பக்கத்தை அவருக்குக் காட்டினேன். அவர் தலைப்பக்கமாக வந்தார். நான் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். வால் பக்கமாகப் போனார், மறுபக்கம் திருப்பினேன்.

"ஏன் இவன் சுத்திக்கிட்டே இருக்கான்?"

"உடற்பயிற்சி, டொக்டர்."

"சரி, கேளுங்க. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான் சீக்கிரம் வந்தேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் மக வீட்டுப் பக்கத்துல ஒரு குதிரை டாக்டர் இருக்காங்க. கேட்டேன். இவனுக்கு வயசாயிடுச்சு. மெதுவா ஓட்டினா வேர்க்கவே வேர்க்காதாம். நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் பிடிவாதமா இருந்துட்டேன். முடி அப்படியே இருக்கட்டும்."

இருபத்தைந்து வருடத்தில் ஒரு டொக்டர் என்னிடம் "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான். அந்த இன்பத்தை அனுபவிக்க முடியாமல், முதுகெல்லாம் முடி குத்த, குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டொஃபிக்குச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து, தானாகவே திரும்பி, இடப்பக்கத்தை முழுசாகக் காட்டிக்கொண்டு நின்றான்.

டொக்டர் கிட்டப் போய் என் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். "காயம் ஏதும் இல்லை," என்றார். பிறகு, "இது என்ன ரவி, வியாதியா?"

"நான்தான் டொக்டர். நேற்று இவன் வேர்த்து நடுங்கினவன். பாக்கப் பொறுக்கேல்லை. நீங்கள் சொன்னதுதான் சரியெண்டு… உங்களிட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்துது." ஜேன் எழுதிய பதில் கண்முன்னே நின்றது. என் முட்டாள்தனத்தால் டொஃபி எனக்கு இல்லாமல் போகப்போகிறான் என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது.

டொக்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சத்தம் கேட்டுக் கரோல் வந்தாள். குதிரையைப் பார்த்தாள், என் தலைமுடியில் இருந்த குதிரை முடியைப் பார்த்தாள், குமரனின் மெஷினைப் பார்த்தாள். "இனி வேறு யாரையும் கூப்பிட வேண்டாம், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று தன் பெரிய மெஷினைக் கொண்டுவந்தாள். கழுத்தின் கீழும் வயிற்றிலும் மட்டும் எடுத்துவிட்டு, முதுகில் முடியை விட்டுவிடுகிற ஒரு வெட்டு உண்டாம். வேர்க்கும் இடம் திறந்திருக்கும், குளிர்கிற இடம் மூடியிருக்கும். வயதான குதிரைக்கு அதுதான் தோதாம். நான் அதை அரைவாசி செய்து வைத்திருக்கிறேனாம், என்ன, கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கிறேனாம். அரை மணி நேரத்தில் இரண்டு பக்கத்தையும் நேர்கோட்டில் கொண்டுவந்து, ஒரு போர்வையையும் போர்த்திவிட்டாள். டொஃபி வைக்கோல் தின்னத் தொடங்கினான். நான் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

மிச்சம் இருந்தது ஜேன். நானே அழைத்தேன். "முடி வெட்டிவிட்டோம்," என்றேன். "இரண்டு பேரும் சம்மதித்தீர்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் டொக்டர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஆமாம் ஜேன், இரண்டு பேரும் சம்மதித்தோம்," என்றார் ஆங்கிலத்தில், நோயாளியைத் தூங்க வைக்கும் அதே குரலில். "என்ன, ஒரே நாளில் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான்."

ஜேன் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. அந்த வருடம் தொடங்கிய பகிர்வு இன்றுவரை தொடர்கிறது.

வீட்டுக்குப் போய் மனைவி சுகந்தியிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கரடிப் பக்கத்தைக் காட்டிக்கொண்டே சமாளிச்சிருக்கிறியள்?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். அதுவே போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் விருந்தாளிகள் திடீரென்று வந்து, முன்னறை மட்டும் கூட்டியிருந்தால், "கரடிப் பக்கத்தில இருத்துங்கோ" என்பாள். நிலா பரீட்சை முடிவோடு வந்தால் முதலில் கரடிப் பக்கத்துப் பாடங்களைத்தான் சொல்லுவாள். போன மாதம் ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒரு கல்யாணம். குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக நிறுத்திய படப்பிடிப்பாளர், சிரிக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். பின்வரிசையிலிருந்து குமரன் மெல்லச் சொன்னான்: "அத்தான், கரடிப் பக்கம்!"

அந்தப் படத்தில் நாற்பது பேர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நடுவில் ஒருவன் மட்டும், பட்டுவேட்டியோடு, தன் வலப்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறான்.