மாப்பிள்ளை தந்த மின்சாரம்

"கரண்ட் போச்சு!"

ஒரு கை மட்டும் இஸ்திரி போட்டு முடித்திருந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் கூடத்துக்கு ஓடிவந்தாள். ஒயர் வாங்கக் கடைக்குப் போய் அப்போதுதான் திரும்பிய கணவனின் முகம் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்."

கூடத்தில், ஆபீஸில் தூக்கிப்போட்ட பழைய யு.பி.எஸ். வயிறு கிழிந்து கிடந்தது. உள்ளே செத்துப்போன பேட்டரியைக் கழற்றிவிட்டு, கார் பேட்டரியோடு இணைத்தால் காருக்குள்ளேயே கரண்ட் கிடைக்கும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் காலையிலிருந்து வீட்டில் ஊரடங்கு. செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. ஈரக் கையோடு வரக் கூடாது. அவனைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா, மாப்பிள்ளை காட்டிய மூலையில் நாற்காலி போட்டு, செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தார்.

இன்னும் சற்று நேரத்தில் அவளுக்கு ஆன்லைன் நேர்காணல். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பட்டத்தை வைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பவள். லேப்டாப்போ, சார்ஜரைப் பிடுங்கினால் உயிரை விடும் ரகம்.

"பக்கத்து வீட்டுல ஃபேன் ஓடுது. அங்க போய்ப் பேசிக்கவா?"

"அவங்ககிட்ட பெரிய இன்வெர்ட்டர் இருக்கு, அந்தத் திமிர். நான் ஒருத்தன் இருக்கும்போது அடுத்த வீட்டு கரண்டுல பேசுவியா?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"மாமா, நீங்க நகராதீங்க. நான் பாத்துக்கறேன்."

எழப்போன அப்பா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாசலில் நின்ற காரின் பின் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். ஒயர் மாட்டியதும் லேப்டாப் விழித்தது. கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நேர்காணலும் தொடங்கியது.

'கீ' என்றது யு.பி.எஸ். மறுபடி 'கீ'.

"பின்னாடி என்னம்மா சத்தம்? ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?" என்றார் திரையிலிருந்த அதிகாரி.

"இல்ல சார், கார்ல."

"வீட்டுக் கரண்ட் இல்லைன்னு சொல்லுது" என்று முன்சீட்டிலிருந்து கிசுகிசுத்தான் கணவன்.

"அது எனக்கே தெரியும். வாயை அடைங்க. அதோடதையும்."

கண்ணில் பட்ட ஓட்டையெல்லாம் டேப் ஒட்டினான். சத்தம் அடங்கியது. காற்றும் அடங்கியது. பெட்டி சுட்டது, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

"ஏசி போட்டா ஆறிடும்" என்று சாவியைத் திருகினான். இன்ஜின் ஒருமுறை முனகிப் படுத்தது. கூடவே யு.பி.எஸ். அணைந்தது; 'உங்களோட பலம் என்ன?' என்று கேட்டுக்கொண்டிருந்த அதிகாரியும் அணைந்தார்.

"ஒண்ணுமில்ல, பேட்டரி இறங்கிடுச்சு. இறங்கித் தள்ளு."

"நானா?"

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"கத்துக் குடுங்கன்னப்போ, 'கத்துக்கிட்டு எங்க போகப்போறே'ன்னது யாரு?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். இறங்கினாள். தள்ளினாள்.

"அப்பா, ஒரு கை குடுங்கப்பா!"

மூட்டை தூக்கி அவளைப் படிக்கவைத்த மனுஷன் உள்ளேயிருந்து பாவமாக எட்டிப் பார்த்தார். "இங்கிருந்து நகர முடியாதும்மா."

"முட்டி வலியா இருக்கும், விடு" என்றான் கணவன்.

அப்பாவுக்கு முட்டி வலி என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

கார் தெருமுனை வரை உருண்டு, அங்கே நின்றுவிட்டது. ஃபோன் அடித்தது. "பத்து நிமிஷம் பாப்போம்மா. அதுக்குள்ள நீங்க வரலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம்."

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பின்னால் யு.பி.எஸ்ஸைச் சுமந்துகொண்டு கணவன்.

"எல்லாம் இந்த கரண்ட் ஆபீஸ்காரனுங்களால வந்தது! நிறுத்தறதுக்கு முன்னாடி வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றானுங்களா?"

அப்பா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள... கடைக்குப் போறப்போ, வந்ததும் அந்தப் பெட்டியில ஒயர் மாட்டணும், அதுக்குள்ள மெயினை அணைச்சு வைங்கன்னு சொல்லி, நீங்க சொல்றவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கச் சொன்னீங்களே, இப்பப் போட்டுடட்டுமா?"