இரட்டைக் கதவும் என் பசுமையும்

ஒரு பெயர்ப்பலகை எழுதியதற்காக மாட்டின் முன் தலைகுனிந்து நின்றவன் நான். (மாடு என்னைக் கண்டுகொள்ளவில்லை. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.)

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கட்டடங்களுக்கு பிளான் போட்டுத் தரத் தில்லைநகரில் சொந்தமாக ஆபீஸ் திறந்த புதிது. மேசை, நாற்காலி, விசிட்டிங் கார்டு எல்லாம் இருந்தன, கட்டடம்தான் இல்லை. மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் வைத்திருக்கும், என் மனைவி வித்யாவின் பெரியப்பா மனமிரங்கித் தன் ஸ்ரீரங்கத்துக் கட்டட வேலையைக் கொடுத்தார். கீழே கடைகள், நடுவில் கிளினிக், மேலே வீடுகள்.

"இது நல்லா வந்துச்சுன்னா முசிறில கட்டப்போறதும் உங்களுக்குத்தான் மாப்ள" என்றார். வராவிட்டால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

என் மொத்தத் திறமையையும் பார்க்கிங்கில் இறக்கினேன். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க, ஓட்டைக் கல் பதித்து இடுக்கெல்லாம் புல் வளர்த்தேன். கரண்டு வண்டிகளுக்குச் சார்ஜ் போட வரிசையாகக் கம்பங்கள். புல்லுக்கு மூன்று மாதம் நானே தண்ணீர் ஊற்றினேன். (வீட்டுத் துளசிக்கு ஒரு சொம்பு ஊற்றியதில்லை என்பது வித்யாவின் நிரந்தரப் புகார்.)

கேட்டில் என்ன எழுதுவது என்ற பேச்சு வந்தது.

"கரண்டு வண்டி பார்க்கிங்னு போடுங்க மாப்ள, எல்லாருக்கும் புரியும்."

"இல்லீங்க மாமா, நல்ல தமிழ்ல போடுவோம்."

அது இரட்டைக் கதவு கேட். இரண்டு கதவையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் மேலே 'பசுமை', கீழே 'நிறுத்துமிடம்' என்று எழுத வைத்தேன். கதவுகளைச் சாத்தி, எட்டி நின்று ரசித்து, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன். கேட் என்றால் திறப்பார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று விருந்தினருக்காக வலது கதவைத் திறந்து சுவரோடு சாய்த்துவிட்டார்கள். 'மை'யும் 'மிட'மும் அதோடு போயின. சாத்தியிருந்த இடது கதவில் மிச்சமிருந்தது: 'பசு நிறுத்து'.

அந்த நேரம் பார்த்துப் பூஜைக்குப் பசுவும் கன்றும் ஓட்டி வந்தார் பால்காரர் முருகேசன். படித்தார். பணிந்தார். சார்ஜ் கம்பத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

மேலே ஹோமம் முடிந்து, பசுவை அழைத்துவரச் சொன்னார் சாஸ்திரிகள். பெரியப்பாவும் நானும் இறங்கி வந்தோம். என் மூன்று மாதப் புல் மொட்டை! அதே சமயம் தவில்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மாடு மிரண்டு இழுத்த இழுப்பில் கம்பம் பெயர்ந்து வந்துவிட்டது. (நல்லவேளை, இன்னும் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை.) கன்று மட்டும் மிச்சப் புல்லை விட்டு நகரவில்லை.

"யாரைக் கேட்டுங்க இங்க கட்டுனீங்க?" என்று ஓடிவந்த முருகேசனிடம் கத்தினேன்.

"போர்டைப் பாத்துத்தான் சார். எந்தக் கட்டடத்துல மாட்டுக்குன்னு இடம் விடுறாங்க? புல்லு வேற போட்டு, கட்டக் கம்பமும் நட்டு வெச்சிருக்கீங்க. நீங்க நல்லா இருக்கணும் சார்!"

பெரியப்பா கேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முசிறி போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அவர் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"முசிறியும் உங்களுக்குத்தான் மாப்ள. ஆனா ஒத்தைக் கதவு."

ஒற்றைக் கதவுதான் போட்டேன். ஸ்ரீரங்கத்துப் பார்க்கிங்குக்கு இன்றும் 'மாட்டுக் கொட்டாய்' என்றுதான் பெயர். கிளினிக் டாக்டரே "கார் கொட்டாய்ல நிக்குது" என்கிறார். உறவினர் நடுவே நான் என் தொழில் பெருமையை எடுத்துவிட்டால் போதும், வித்யா மெதுவாகச் சொல்வாள்:

"மொதல்ல ரெண்டு கதவையும் சாத்திட்டுப் பேசுங்க."