டமாரத்தாரின் ஊமை ஆம்ப்ளிஃபயர்

"நேத்து சாயங்காலம் என் கார்ல பாட்டு போட்டேன் பாருங்க, தெருவுல யாரோ ஒருத்தரோட பல்செட் டம்ளரை விட்டு எழுந்து, ஜன்னல் வழியா குதிச்சு, ஓடியே போயிடுச்சு!"

டமாரம் என்று தெருவே அழைக்கும் அந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் இப்படி அறிவித்தபோது யாரும் நம்பவில்லை. சொன்னவரே நம்பவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னார்.

"பல்செட்டுக்குக் காலா இருக்கு சார், ஓடறதுக்கு?" என்றார் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார்.

"இப்பவே போட்டுக் காட்டறேன், வாங்க!"

போட்டார். டிக்கியிலிருந்த ஆம்ப்ளிஃபயர் முனகக்கூட இல்லை. எரிய வேண்டிய பச்சை விளக்கும் எரியவில்லை. ஓய்வுபெற்ற அன்று டமாரத்தார் தனக்குத்தானே வாங்கிக்கொண்ட ஒரே பரிசு, பாட்டை இடியாக்கும் அந்தப் பெட்டி.

"சாயங்காலத்துக்குள்ள பாடலைன்னா பழைய சாமான்காரர்கிட்ட தூக்கிக் கொடுத்துடுவேன். டிக்கியில ஒரு பை வைக்க இடமில்லை" என்றார் மனைவி, வாசலில் நின்று.

டமாரத்தார் கண்களை இடுக்கினார். "நேத்து வரைக்கும் நல்லா பாடிச்சு. யாரோ கை வெச்சிருக்காங்க."

"என்னை ஏங்க பார்க்கறீங்க?"

"நான் எங்கே பார்த்தேன்?"

"பார்க்காத மாதிரி பார்க்கறீங்களே, அதைத்தான் சொல்றேன்."

டமாரத்தார் பேட்டரி பக்கத்து ஃபியூஸைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

"எர்த் வயரா இருக்கும் சார்" என்றார் வாத்தியார். பாவம், ஒரு கையில் டார்ச், மறு கையில் மூக்கையும் வாயையும் பொத்திய கர்ச்சீப். நேற்றிலிருந்து கடும் ஜலதோஷமாம்.

எர்த் வயரைக் கழற்றி, அது தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். பெயின்ட் போய், தகரம் போய், தரை தெரிந்தது. ஆம்ப்ளிஃபயர் அசையவில்லை.

"அப்போ முன்னாடி இருக்கற பாட்டு செட்டுலதான் கோளாறு சார்."

செட்டைப் பிடுங்கினார். வயர்கள் இடியாப்பமாக வந்து விழுந்தன. திரும்ப மாட்டியதும் பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது.

"ரெண்டு வயரை மாத்திப் பாருங்களேன்."

மாற்றினார். ஹாரன் அலற ஆரம்பித்தது; நிற்கவே இல்லை. நடுக்கடலில் போன கப்பல்களெல்லாம் பதில் ஹாரன் கொடுத்தனவாம். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் உலகம் அமைதியானது. இப்போது காரே ஊமை.

கடைசியில் கார் எலக்ட்ரீஷியன் வந்தார். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்குன்னு சொந்தமா ஒரு ஃபியூஸ் இங்கே இருக்கணும் சார். எரிஞ்சு போகலை, ஆளையே காணோம். யாரோ உருவியிருக்காங்க."

டமாரத்தார் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "டிக்கி சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"ஒரு தட்டு தட்டினா சாவியே இல்லாம திறக்கும்னு தெருவுக்கே டமாரம் அடிச்சது நீங்கதானே!"

"தட்டினது யாரு? அதைச் சொல்லு."

மனைவியின் முகம் மாறிவிட்டது. "இத்தனை வருஷம் கழிச்சு என் மேலயே திருட்டுப் பட்டமா? அந்தப் பாட்டுப் பெட்டியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

உள்ளே போனார். பை ஒன்றுடன் வந்தார். செருப்பையும் மாட்டிவிட்டார். டமாரத்தார் அவசரமாகப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீங்கம்மா!"

வாத்தியார்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஃபியூஸை எடுத்து டிக்கியில் வைத்தார். பிறகு கர்ச்சீப்பை எடுத்துவிட்டு வாயை நன்றாகத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

"சார் சொன்னது அத்தனையும் நிஜம்மா. ஜன்னல் வழியா குதிச்சது என்னோடதுதான். இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."