முத்திரைச் சாமி பிரித்துக் கொடுத்த பாடம்

பரீட்சை நெருங்கினால் பல்கலைக்கழக நூலகத்தில் கூட்டம் அலைமோதும் என்று நினைப்பவர்கள் அப்பாவிகள். கணக்கியல் துறை முழுவதும் ஜெராக்ஸ் கடையின் மாடிப்படியில் நின்றது. மேலே முத்திரைச் சாமி அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

சாமியின் கையில் ஒரு நூல். நூல் முனையில் ஒரு பழைய ரப்பர் ஸ்டாம்பு. தேர்வுத் துறையில் காலமெல்லாம் வினாத்தாள் உறைகளின் மேல் விழுந்து எழுந்த ஸ்டாம்பாம். எந்தக் கேள்வி வரும் என்பது அதற்கு அத்துப்படியாம்! பாடப்புத்தகத்தின் மேல் ஆட்டினால், பாதி மதிப்பெண்ணுக்கான கட்டாயக் கேள்வி எந்தப் பாடத்தில் வருமோ அங்கே கிறுகிறுவென்று சுற்றும். அதை மட்டும் படித்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: என்ன பாடம் என்று பெற்ற தாயிடம்கூட மூச்சுவிடக் கூடாது. விட்டால் பலிக்காது.

பாஸானவர்களின் புகைப்படங்கள் சுவர் முழுக்கச் சிரித்தன. பெயிலானவன் வந்தால், "எவன்கிட்டயோ உளறியிருப்பே!" என்று சாமி ஒரு முறை முறைப்பார். அவனுக்கும் குளியலறையில் வாய்விட்டுப் படித்தது ஞாபகம் வந்து தலை தொங்கிவிடும்.

இந்தச் சாமியைத்தான் அரியர் அண்ணன் மலைபோல் நம்பினான். செலவுக் கணக்குப் பரீட்சையை அவன் எழுதி எழுதியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவன். தங்கையே படித்து மேலேறி வந்து, இப்போது அதே பரீட்சையை அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறாள். இந்தத் தடவையும் தவறினால் அவன் பெயரையே அடித்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலை அவன் ஒல்லியாக எதையோ வைத்துப் படிப்பதைத் தங்கை பார்த்தாள்.

"புத்தகம் எங்கண்ணா?"

"மிச்சத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். கவனம் சிதறுமாம்."

"ஐயையோ! மேற்செலவுப் பாடம் மட்டும்தான் பாக்கி இருக்கா?"

அண்ணன் அலறியே விட்டான். "பாத்துட்டியா? போச்சுடி! எல்லாம் போச்சு!"

பரிகாரம் கேட்க அவன் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். பின்னாலேயே தங்கையும் ஓடினாள், தன் புத்தகத்தோடு.

சாமியிடம் பாடம் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிய எல்லாரையும் அவள் நிறுத்தினாள். "செலவுக் கணக்குல உங்க பாடம் என்னன்னு யாரும் வாயைத் திறக்க வேணாம். நான் பேரைப் படிக்கிறேன். உங்களோடதுன்னா கையை மட்டும் தூக்குங்க. சொல்லக் கூடாதுன்னுதானே சாமி சொன்னாரு? தூக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

கூட்டம் யோசித்தது. சட்டத்தில் ஓட்டை எங்கே என்று வரிப் பாடத்தில் பயின்ற மூளைகள் அல்லவா? வாதம் அவர்களுக்குப் பிரமாதமாகப் பட்டது. அதே வகுப்பில், இரண்டு இடத்துக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்றும் சொல்லித்தான் கொடுத்தார்கள். பாவம், அது அவர்களுக்குப் பரீட்சைக்கு மட்டும் ஞாபகம் வரும்.

"மேற்செலவு!"

அண்ணன் கையைத் தூக்கினான். கூடவே இன்னும் சில கைகள்.

"கூலி!"

வேறு சில கைகள்.

"சரக்கிருப்பு! பட்ஜெட்!"

கைகள் ஏறிக்கொண்டே போயின. புத்தகத்தின் கடைசிப் பாடத்துக்கும் ஆள் இருந்தது. அண்ணன் வாயைப் பிளந்தான்.

"அடப்பாவி, பொருளடக்கத்தையே பங்குபோட்டுக் குடுத்திருக்கானேய்யா!" என்று ஒருவன் கத்தினான்.

சத்தம் கேட்டுச் சாமி வெளியே வந்தார். "குழந்தைகளே, ஆளுக்கு ஆள் ராசி வேற. அதனால பாடமும் வேற."

"ராசி வேறயா இருக்கட்டும் சாமி," என்றாள் தங்கை. "கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

முதலில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் படிக்கட்டே குலுங்கியது. இத்தனை பாடத்தையும் பிரித்துக் கொடுத்தால் எவனுக்காவது பலிக்காமலா போகும்? பலித்தவன் சுவரில் தொங்கினான். பலிக்காதவன் உளறுவாயன் ஆனான். சுவரில் சிரித்த ஒருவனே ஏறிப்போய்த் தன் படத்தைப் பிய்த்தான். சாமி கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நிஜமா எந்தப் பாடம்தான் வரும்?" என்றான், அழாத குறையாக.

"தெரியாதுண்ணா. யாருக்குமே தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் படிக்கணும். வா, இன்னும் நாள் இருக்கு. எனக்கும் கூலிப் பாடம் தகராறுதான்."

இருவரும் ஒரே புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் பாதி அவர்களைச் சுற்றி உட்கார்ந்தது.

மீதிப் பாதி எங்கே என்கிறீர்களா? அடுத்த தெருவில் ஒருவர் கால்குலேட்டருக்கு மந்திரிக்கிறாராம், அங்கே ஓடிவிட்டது. ஐயா கணக்குப் புலிகளே, அங்கே வரிசையில் நிற்கிற நேரத்திலாவது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்கு எந்தச் சாமியிடமும் சீட்டு வாங்க வேண்டாம்.