கோழிக்கூட்டுக்குள் ஒரு தெரு

நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. மூன்று பக்கமும் ஆறு. ஒரு வருடம் பெருவெள்ளம் வந்து நாட்டில் பாதியைக் கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு யார் வீடு எங்கே இருந்தது, எந்தக் கிணறு எவருடையது என்று மக்கள் சண்டையிட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த அன்றைய அரசர் நாட்டில் உள்ள ஒவ்வொன்றையும் எழுதி வைக்கச் சொன்னார். அவர் ஆட்சியில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

எழுதும் முறை எளிமையானது. முதலில் தெருவின் பெயர். அதற்குள் இருக்கும் வீடு. வீட்டுக்குள் இருக்கும் அறை, கொல்லை, தொழுவம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அது யாருடையது, யார் உள்ளே போகலாம், கதவு எப்போது மூடும் என்ற விவரம். ஒன்றைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை என்றால், அதை உள்ளடக்கிய இடத்துக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே அதற்கும் பொருந்தும். ஓர் இடத்துக்குள் இருப்பதையெல்லாம் எழுதி முடித்ததும் ‘வெளியே வா’ என்று ஒரு வரி இருக்கும். படிக்கிறவர் அங்கே அந்த இடத்தைவிட்டு வெளியே வந்து அடுத்ததற்குப் போக வேண்டும். இதற்கு நாட்டுவரைவு என்று பெயர். அடுத்த வெள்ளம் வந்தபோது இதைப் பார்த்துத்தான் அவரவர் வீட்டை அவரவருக்குத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். சண்டை வரவில்லை.

அரசர் காலம் முடிந்து, தேர்தல் வந்து, பெருந்தலைவர் ஆட்சி வந்தது. பெருந்தலைவருக்கு நாட்டுவரைவின்மேல் அளவில்லாத மரியாதை. அதைப் பொன் மையால் புதிதாகப் படியெடுக்கச் செய்து, பழைய படியை ஆற்றில் கரைத்துவிட்டார். ஒப்புநோக்குத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, பராந்தகனார் என்பவரை அதற்கு அமைச்சராக்கினார். பராந்தகனார் பதவியேற்ற அன்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்: வரைவுக்கும் நாட்டுக்கும் வேறுபாடு காணப்பட்டால் நாடு திருத்தப்படும்.

பாலத்துக்குக் கீழே, கரையோரமாக, பாலத்தடித் தெரு என்று ஒரு தெரு இருந்தது. ஓடம் விடுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், சலவை செய்கிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். பூரணி அந்தத் தெருக்காரி. அவள் புருஷன் மருதையன் கடைசி ஓடத்தை ஓட்டுகிறவன். அக்கரைச் சந்தைக்குப் போனவர்களை எல்லாம் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அவன் வீடு திரும்பும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். தேனு என்ற அவர்களுடைய மகள் அப்பா வந்தால்தான் சாப்பிடுவாள்.

ஒருநாள் ஒப்புநோக்கு அலுவலர் வில்வநாதன் அந்தத் தெருவுக்கு வந்தார். நேர்மையானவர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிப்பார். தெருமுனையில் நின்று உரக்கப் படித்தார்.

“தாண்டவராயர் வீடு. அதற்குள் கொல்லை. வெளியே வா. வெளியே வா. வெளியே வா. தனியே மேட்டில் கோழிக்கூடு. உரிமை, தாண்டவராயர். பொழுது சாய்ந்ததும் மூடப்படும். கோழிக்கூட்டுக்குள் பாலத்தடித் தெரு.”

படித்துவிட்டு அவரே ஒரு நிமிடம் நின்றார். மறுபடியும் படித்தார். அதே மாதிரிதான் இருந்தது.

“அய்யா, கூடு அந்தா மேட்டுல இருக்கு. நாங்க இங்க இருக்கோம்” என்றாள் பூரணி.

“கூடு முடிந்த இடத்தில் ‘வெளியே வா’ என்ற வரி இல்லை, அம்மா. வரி இல்லாமல் நான் எப்படி வெளியே வருவது?”

“கண்ணைத் தொறந்து பார்த்தாத் தெரியலையா?”

“கண்ணால் பார்ப்பது என் வேலையில் சேராது” என்று வில்வநாதன் வருத்தத்தோடு சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய நியமன உத்தரவில் அப்படித்தான் இருந்தது.

படியெடுத்தவர் கை தவறி ஒரு வரியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அதைத் தவறு என்று சொல்ல ஒப்பிட்டுக் காட்டப் பழைய படி இல்லை. அடுத்த வாரமே தெருவைத் திருத்தும் பணி தொடங்கியது. தெருவைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார்கள். ஒரே ஒரு வாசல் வைத்தார்கள். கூட்டு வாசல் இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று வரைவில் இருந்ததால், பெரியவர்கள் குனிந்தும் கர்ப்பிணிகள் தவழ்ந்தும் போய் வந்தார்கள். பொழுது சாய்ந்ததும் காவலர் வந்து வாசலைப் பூட்டினார்.

மருதையன் வந்தபோது வாசல் பூட்டியிருந்தது.

“நம்ம வீட்டுக்குத்தானேய்யா போறேன்” என்றான்.

“கூடு அடைச்சாச்சு. விடிஞ்சப்புறம் வா” என்றார் காவலர்.

அவன் வலைக்கு வெளிப்பக்கம் துண்டை விரித்து உட்கார்ந்தான். பூரணி சோற்றை உருண்டை பிடித்து வலைக்கண் வழியாக நீட்டினாள். தேனு வலையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா ஏம்மா வெளிய இருக்காரு?” என்று கேட்டாள்.

“அவரு வெளிய இல்லடி. நாமதான் உள்ள இருக்கோம்” என்றாள் பூரணி. அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தெருவார் அமைச்சரிடம் மனுக் கொண்டு போனார்கள். பராந்தகனார் அவர்களை அன்போடு வரவேற்று, நெடுநேரம் பேசினார்.

“நாட்டின் எந்த மூலையிலும் இல்லாத பாதுகாப்பு உங்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. நரி வராது. பருந்து வராது. இதற்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.”

“ஒரு வரி விட்டுப் போச்சுங்க. அதை எழுதிட்டாப் போதும்” என்றான் மருதையன்.

“வரைவு தவறாது, தம்பி. தவறுவது நாடுதான். அதனால்தான் நாட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.”

தேர்தல் அறிவிப்பு வந்தது. அதோடு ஒரு விளக்க ஆணையும் வந்தது. கூட்டுக்குள் இருப்பவை கூட்டுக்காரருக்கு உரிமையானவை. ஆகவே பாலத்தடித் தெருவின் வாக்குகள் அனைத்தையும் தாண்டவராயரே போடுவார். கூட்டுக்குள் இருப்பவர் எவரும் தேர்தலில் நிற்கவும் முடியாது. அமைச்சருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. தெரு முழுவதும் வீடு வீடாகப் போய்க் கும்பிடுவதைவிட, ஒரு மனிதரைக் கும்பிடுவது சுலபம். தாண்டவராயர் வீட்டுக்கு ஒரு பட்டுச் சால்வை போயிற்று.

தாண்டவராயர் முட்டை வியாபாரி. ஊர் வம்புக்குப் போகாத மனிதர். சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கூட்டின்மேல் போர்த்தியிருந்தார். மறுநாள் காலை அவர் கதவைத் திறந்தபோது, பாலத்தடித் தெரு முழுவதும் கையில் தட்டோடு வாசலில் நின்றது. முன்னால் பூரணி, இடுப்பில் தேனு.

“என்ன பூரணி, என்ன இது?”

“தீனிக்கு வந்தோம், தாண்டவண்ணே.”

“தீனியா?”

“கூட்டுல இருக்கிறதுக்குக் கூட்டுக்காரர்தானே தீனி போடணும்? ஓட்டு எங்களுக்காக நீங்க போடுறீங்க. சோறும் நீங்களே போட்டுருங்க.”

தாண்டவராயர் சிரித்தார். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. வலை கட்டியதிலிருந்து பலருக்கு வேலை போயிருந்தது. பொழுது சாயும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும் என்றால் எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? பசி அவர்கள் முகத்தில் தெரிந்தது. அவர் உள்ளே போய் மனைவியிடம் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். அன்று கம்பங்கூழ் ஊற்றினார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். தானியக் குதிர் காலியாயிற்று. மனைவி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

தாண்டவராயர் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் போனார்.

“அய்யா, இந்தப் பெருமை எனக்கு வேண்டாம். எனக்குக் கோழி போதும். கோழி முட்டையாவது போடும்.”

“பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடியட்டும்” என்றார் பராந்தகனார். “வரைவில் கை வைப்பது என்பது முடியவே முடியாத காரியம். பெருந்தலைவரே கேட்டாலும் முடியாது.”

அந்தச் சமயத்தில் வில்வநாதன் உள்ளே வந்தார். தேர்தலுக்கு முன் கடைசி வரிவரை ஒப்புநோக்கி முடிக்க வேண்டும் என்று அமைச்சர்தான் அவருக்கு ஆணையிட்டிருந்தார். அவரும் இரவு பகலாகப் படித்து முடித்திருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“அமைச்சர் அவர்களே, பாலத்தடித் தெரு முடிகிற இடத்தில் அந்தத் தெருவுக்கான ‘வெளியே வா’ சரியாக இருக்கிறது. தெருவைவிட்டு வெளியே வந்தேன். வந்து நின்ற இடம் கோழிக்கூடு.”

“சரி, அதற்கென்ன?”

“கூட்டைவிட்டு வெளியே வர வரி இல்லையே. ஆகவே அதற்குப் பிறகு எழுதியிருப்பதெல்லாம் கூட்டுக்குள்தான் இருக்கிறது. மீதித் தெருக்கள், படித்துறை, களஞ்சியம், காவல் நிலையம். பிறகு அமைச்சர் மாளிகைகள். கடைசியாக அரண்மனை.”

தாண்டவராயர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பெருந்தலைவரும் உள்ளேயா?” என்றார் அமைச்சர்.

“ஆமாம். நீங்களும். கூட்டுக்குள் இருப்பவர் தேர்தலில் நிற்க முடியாது என்று நீங்களே ஆணையிட்டிருக்கிறீர்கள். அரண்மனைக்கு வலை கட்ட ஆட்களை அனுப்பிவிட்டேன். வாசல் உயரத்தைப் பற்றி மட்டும் தங்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று…”

“அய்யய்யோ, இவங்களுக்கும் நானா சோறு போடணும்?” என்று தாண்டவராயர் கத்திவிட்டார்.

பராந்தகனார் எழுந்து கதவைச் சாத்தினார். முடியவே முடியாத காரியம் எப்படி முடியும் என்று யோசிக்கத் தொடங்கினார். யோசனை வர அதிக நேரம் ஆகவில்லை.

“‘வெளியே வா’ என்ற வரியை எழுதுவோம். அமைச்சர் மாளிகைகளுக்கு நேர் மேலே எழுதுவோம். அதற்குமுன் உள்ளதெல்லாம் உள்ளபடி இருக்கட்டும்.”

“அப்ப தெரு?” என்றார் தாண்டவராயர்.

“தெரு உங்களுடையதுதான். ஓட்டும் உங்களுடையதுதான்.”

“சோறு?”

அமைச்சர் சால்வையை அவர் பக்கம் நகர்த்தினார்.

தாண்டவராயர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதருக்கு எதிரில் குரலை உயர்த்தினார். “நல்லாக் கேட்டுக்கங்க. இன்னிக்கு இந்த நாட்டுல இருக்கிற ஓட்டுல பெரும்பாதி என் கையில இருக்கு. அந்த வரியை என் கோழிக்குப் பின்னாடி, தெருவுக்கு முன்னாடி எழுதுங்க. இல்லன்னா தேர்தல்ல நானே நிப்பேன். எனக்கு நானே ஓட்டுப் போட்டுக்குவேன். அப்புறம் கூட்டுல யார் யாரை அடைக்கணும்னு நான் பார்த்துக்கிறேன்.”

பராந்தகனார் வரைவை வில்வநாதன் முன் விரித்தார். வில்வநாதனிடம் பேனா இருந்தது. பொன் மை இல்லாததால் கறுப்பு மையில் எழுதினார். இரண்டே சொற்கள். எழுதி முடித்ததும், பல மாதங்களுக்குப் பிறகு, கண்ணை உயர்த்திச் சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே வலையை அறுத்தார்கள். அறுக்க வந்தவர்களுக்குத் தெருவார் உதவினார்கள். சொல்லப்போனால், அவர்கள் வருவதற்குள் பாதியை அறுத்து முடித்திருந்தார்கள். கர்ப்பமாக இருந்த ஒரு பெண், வாசல் இருந்த இடத்தில் நிமிர்ந்து நடந்து போனாள், திரும்பி வந்தாள், காரணமே இல்லாமல் மறுபடியும் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மருதையன் கடைசி ஓடத்தைக் கட்டிவிட்டு வழக்கம்போல் துண்டை விரிக்கப் போனான். விரிக்க இடம் தேடியபோதுதான் வலை இல்லை என்று தெரிந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. தேனு தூங்காமல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“கை கழுவிட்டு வாங்க” என்றாள் பூரணி. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தேர்தல் வந்தது. ஊர்ச் சுவர்களில் எல்லாம் பராந்தகனாரின் படம். ‘கூட்டுக்குள் கிடந்த மக்களை வெளியே கொண்டுவந்த வள்ளல்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். பாலத்தடித் தெருக்காரர்கள் அவரவர் ஓட்டை அவரவர் போட வரிசையில் நின்றார்கள். தாண்டவராயர் தன்னுடைய ஒரே ஓட்டைப் போட்டுவிட்டு, கோழிகளுக்கு நேரமாயிற்று என்று வேகமாக நடந்தார்.

பூரணி வாக்குச்சாவடியைவிட்டு வந்தபோது, அமைச்சர் வெளியில் கும்பிட்டபடி நின்றிருந்தார்.

“என்னம்மா, நினைவிருக்கிறதா? உங்களை எல்லாம் வெளியே விட்டது நான்தான்.”

“மறப்பனாங்கய்யா?” என்றாள் பூரணி. “உங்களையும் வெளிய விட்டுட்டுத்தான் வர்றேன்.”