மாமியார் பெயரில் பத்து லாரி

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கி முடிப்பதற்குள், சக்கரவர்த்தியின் ராஜ்ஜியத்தில் மிச்சமிருந்த ஒரே குடிமகனும் ராஜினாமா செய்துவிட்டார்.

குடிமகன், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். சக்கரவர்த்தி, பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊரார் கட்டிடங்களில் எண்ணெய்க் கையோடு மேலும் கீழும் போய்வருகிறவர். வாழ்க்கையில் இவ்வளவு ஏற்ற இறக்கம் பார்த்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் வீட்டின் சின்ன அறைக்குள் போய், கம்ப்யூட்டர் முன்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அவர் நாற்பது லாரிக்கு முதலாளி.

லாரி கம்பெனி நடத்துகிற விளையாட்டு அது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கொரு கம்பெனி வைத்துக்கொண்டு, சரக்கு ஏற்றும் ஒப்பந்தங்களுக்கு டெண்டர் போடுவார்கள். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. சக்கரவர்த்தி எல்லோரையும்விடக் குறைத்துக் கேட்பார். நஷ்டத்துக்குக்கூடக் கேட்பார். ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் என்ற முறையில் மற்றவர்கள் போட்ட விலையை எட்டிப் பார்க்கிற வசதியும் அவருக்கு இருந்தது. இரண்டு லாரி, மூன்று லாரிக்காரர்கள் வரிசையாக மண்ணைக் கவ்வினார்கள்.

“ஏன் டாக்டர் விலகறீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?”

“உங்களுக்குப் போயிட்டிருந்துச்சு சார். என் மூணு லாரியும் ஷெட்லயே நின்னு துருப்பிடிச்சுப் போச்சு. பல்லு பிடுங்கறது என் தொழில். என்னோடதையே பிடுங்கிட்டீங்க!”

கதவு சாத்திக்கொண்டது. சக்கரவர்த்தி தொங்கின முகத்தோடு உள்ளே வந்தார்.

சமையலறைக்குப் போகிற நடையில் மனைவி தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். நடையோ ஒரு ஆள் அகலம். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்கூடத் துணிக் குவியலைக் காலைத் தூக்கித் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சின்ன அறை கிடைத்தால் துணியைத் தரையில் விரித்து வெட்டலாம் என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். சாம்ராஜ்யத்தை எங்கே வைப்பது என்பது அவர் பதில்.

“எல்லாரும் ஓடிட்டாங்க,” என்றார்.

“ஓடாம? எல்லா நாற்காலியிலயும் நீங்களே உக்காந்துட்டா மத்தவங்க எங்க உக்காருவாங்க?”

“தொழில்னா அப்படித்தான். பெரியவன் பெரியவன்தான்.”

“தெரியுமே. போன வாரம் ஒரு ஓட்டல்ல திரை தைக்க டெண்டர் கேட்டாங்க. அம்பது மிஷின் இருந்தாத்தான் கவரையே பிரிப்பாங்களாம். சரி, நீங்க தனியா விளையாடுங்க.”

தனியா என்ற சொல் அவரைக் குத்தியது. யாரும் தோற்காத இடத்தில் ஜெயிப்பது எப்படி?

“நீ வேணா ஒரு கம்பெனி ஆரம்பியேன்.”

“ஆரம்பிக்கறேன். ஆனா சின்னவங்களும் பிழைக்கற மாதிரி ரூல் போடணும். அப்புறம், துறைமுக ஒப்பந்தத்துல உங்களைவிடப் பெரிய பங்கு எனக்குக் கிடைச்சா, இந்த அறையும் எனக்கு.”

துறைமுக ஒப்பந்தம் என்பது அந்த ஆட்டத்திலேயே பெரிய வேலை. ஆரம்பிக்கிறவர்களுக்கு ஆட்டம் கொடுப்பதோ இரண்டே லாரி. சக்கரவர்த்தி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“ஒத்துக்கிட்டேன். சொல்லு, என்ன ரூல் வேணும்?”

“போடற விலையை மூடி வெச்சு, எல்லார் முன்னாலயும் ஒண்ணாப் பிரிக்கணும். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது.”

“யாரும்னா?”

“யாரும்னா நீங்க. நஷ்டத்துக்கு விலை கேட்டா டெண்டர் செல்லாது. சரக்குல பாதி, பத்து லாரிக்கு மேல இல்லாதவங்களுக்கு மட்டும். மீதிப் பாதிக்கு யார் வேணாலும் வரலாம். ரெண்டுலயும் சின்னக் கம்பெனிங்க ஒண்ணு சேர்ந்தும் வரலாம்.”

“உன் ரெண்டும் டாக்டர் மூணும் சேர்ந்தா அஞ்சு! தாராளமா வாங்க!”

ரூலை எல்லோருக்கும் அனுப்பினார். வந்தது பாராட்டு. ஓடிப்போனவர்கள் திரும்பினார்கள். டாக்டர் நேரிலேயே வந்து, “பெரிய மனசு சார் உங்களுக்கு!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சக்கரவர்த்திக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு நாள் முழுக்க அவர் நிஜமாகவே நல்லவராக இருந்தார்.

மறுநாள் ஏதோ ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் கூரைமேல் நின்று கம்பிக்கு எண்ணெய் விடும்போதுதான் உறைத்தது. பாதி! பாதிச் சரக்கு கையைவிட்டுப் போகிறது! சின்னவர்களுக்கென்று ஒதுக்கினால் பெரியவன் என்ன செய்வான்? யோசித்தார். பெரியவனே சின்னவனாகிவிட்டால்? நாற்பது லாரியை நாலாகப் பிரித்து, பத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, மீதியை மூன்று பெயர்களில் எழுதிவிட்டால் மொத்தமும் சின்னக் கம்பெனி. பெயர் அவர்களுடையது, ஸ்டியரிங் இவருடையது. தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

புதுக் கம்பெனிக்கு ஆளுக்கொரு போன் நம்பர் வேண்டும். ஆட்டத்துக்கு வெளியே, அவர் பக்கத்து உறவில் அவரோடு பேச்சுவார்த்தை வைத்திருப்பவர்கள் யாருமில்லை. மாமியாரைக் கூப்பிட்டார்.

“அத்தை, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை எனக்குச் சொல்லணும்.”

“பேங்க்ல இருந்து பேசறியா?”

“இல்ல அத்தை, மாப்பிள்ளை பேசறேன்.”

“திருட்டுப் பசங்க அப்படித்தான் ஆரம்பிப்பானுங்களாம். டிவில சொன்னாங்க.”

“அய்யோ, நிஜமாவே நான்தான். உங்க பேர்ல பத்து லாரி எழுதி வைக்கறேன்.”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு குடை வாங்கித் தந்ததில்ல. பத்து லாரியா! அப்ப கண்டிப்பாத் திருடன்தான்.”

விளங்க வைப்பதற்குள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன்போல அவருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் அத்தை நம்பரைச் சொன்னார். மச்சானும் மச்சான் மனைவியும் சுலபமாகவே சொல்லிவிட்டார்கள்.

“உங்க பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம் அத்தை.”

“நான் எதுக்குச் சொல்லப்போறேன்?” என்றார் அத்தை.

அவர் நம்பினார். நம்பிக்கைதானே வாழ்க்கை.

டெண்டர் நாள் வந்தது. சின்ன அறையில் டாக்டர், மச்சான், மச்சான் மனைவி, அத்தை எல்லோரும் இருந்ததில் நிற்க இடமில்லை. அவர்களெல்லாம் காபி குடிக்க வெளியே போன நேரத்தில் சக்கரவர்த்தி அத்தை கம்பெனிக்குள் நுழையப் பார்த்தார். பாஸ்வேர்டு தவறு. மச்சான் கம்பெனி. தவறு. மச்சான் மனைவி கம்பெனி. அதுவும் தவறு. வேறு வழியில்லாமல் தன் பெயரில் மட்டும் விலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

எல்லார் முன்னிலையிலும் டெண்டர் பிரிந்தது. அத்தை, மச்சான், மச்சான் மனைவி, டாக்டர், வீட்டுக்காரி ஐந்து பேரும் கூட்டாகப் போட்டிருந்தார்கள். மொத்தம் முப்பத்தைந்து லாரி. ஒதுக்கின பாதியும் மீதிப் பாதியும் அவர்களுக்கே. சக்கரவர்த்தியின் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு வரி வந்தது: ‘இந்த வேலைக்குப் போதுமான லாரிகள் உங்களிடம் இல்லை.’

“அநியாயம்! அதெல்லாம் என்...”

“உங்க?” என்றாள் மனைவி.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பெரிய மனசு சார் என்று கை குலுக்கிய அதே டாக்டர். அதெல்லாம் என் லாரி என்று சொன்னால், தான் போட்ட ரூலைத் தானே உடைக்கப் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

“என்... என் மனமார்ந்த வாழ்த்துகள்!” என்றார் சக்கரவர்த்தி.

அவள் போட்ட விலையைப் பார்த்தார். டீசலுக்கு, டிரைவர் சாப்பாட்டுக்கு, காலியாகத் திரும்பி வருகிற நடைக்கு என்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, ஐந்து பேருக்கும் லாபம் நிற்கிற மாதிரி கச்சிதமாகத் தைத்த விலை. ஒரு நூல் பிசிறு இல்லை. நாற்பது லாரி வைத்திருந்தும் அவர் ஒருநாள்கூட இப்படி ஒரு டெண்டர் போட்டதில்லை. ஆத்திரத்துக்கு நடுவிலும் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டியும் விட்டார். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

“உங்கம்மா சொல்லிட்டாங்களா?” என்று அப்புறம் சமையலறையில் கிசுகிசுத்தார்.

“நீங்க போனை வெச்ச அடுத்த நிமிஷமே. மாப்பிள்ளை பேர்ல எவனோ ஏமாத்தறான்னு பதறிப்போய்த்தான் கூப்பிட்டாங்க. நான்தான், தைரியமா வாங்கிக்கோங்க, பாஸ்வேர்டை மட்டும் மாத்திடுங்கன்னேன். தம்பிகிட்டயும் அதையேதான் சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தி, சிரிக்காமல் சொன்னாள்: “ஆனா ரொம்ப நல்ல ரூல் போட்டிருக்கீங்க. போட்டவரையே பிடிச்சிடுச்சு பாருங்க.”

அன்று மாலையே தையல் மிஷின் சின்ன அறைக்குப் போயிற்று. கம்ப்யூட்டர் நடைக்கு வந்தது. சுழல் நாற்காலி அங்கே சுழலவில்லை, சுவரில் இடித்தது. தண்ணீர் குடிக்கப் போன மச்சான், “கொஞ்சம் காலை மடக்குங்க அத்தான்,” என்று தாண்டிப் போனான். உள்ளேயிருந்து கத்தரிக்கோல் துணியைத் தடையில்லாமல் வெட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தோல்வியில் துவண்டுவிடக் கூடாது என்று சக்கரவர்த்தி கம்ப்யூட்டர் திரையை உயிர்ப்பித்தார். அத்தை லாரி சர்வீஸிலிருந்து ஒரு செய்தி காத்திருந்தது.

‘மாப்பிள்ளை, எங்க கம்பெனியில டிரைவர் வேலை காலி இருக்கு. எல்லாம் நீங்க ஓட்டிப் பழகின லாரிதான்.’