ஆமைக்கடிக்கு ஒரு மாதக் கட்டு

சயாமுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். யார் தடுத்தாலும் நிற்பதில்லை. யார் என்றால் ராக்கம்மாதான். வேறு எவருக்கும் நான் பயப்படுகிறவனல்ல, ஜப்பான்காரனைத் தவிர.

என் பெயர் சன்னாசி. பெயருக்கேற்றபடி இருந்திருக்கலாம். கல்யாணம் செய்துகொண்டேன்.

மலாயாவில் பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடம். காலையில் மரவள்ளிக்கிழங்கு. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு. ராத்திரி, ஒரு மாறுதலுக்காக, ஆறிப்போன மரவள்ளிக்கிழங்கு. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று வேளையும் சோறாம். மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாமாம். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி சொன்னார். வெள்ளிக்கிழமை லாரி.

"போன லாரியில போனவங்க ஒரு கடுதாசி போட்டாங்களா?" என்றாள் ராக்கம்மா.

"சோறு திங்கவே நேரம் பத்தாம இருக்கும்!"

"போகக் கூடாது."

"போவேன்! கறி தின்னுட்டுத்தான் போவேன்!"

சொன்ன வேகத்தில் தோட்டத்து மழைத்தண்ணீர் ஓடும் கானில் இறங்கி, சேற்றைத் துழாவி, முறம் அகலத்துக்கு ஓர் ஆமையைத் தூக்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே அரிசி இல்லாமை, எண்ணெய் இல்லாமை, துணி இல்லாமை. நாலாவதாக அசல் ஆமை.

"வாய்ப் பக்கம் கையக் கொண்டு போகாதீங்க. அதுக்குக் கழுத்து நீளும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

கொண்டு போனேன். நீண்டது.

வலது கைப் பெருவிரலைக் கவ்விக்கொண்டது. நான் இழுத்தேன். அதுவும் இழுத்தது. வரிசை வீடுகளிலிருந்து லயமே கூடி வேடிக்கை பார்த்தது. விரலில் ஆமையோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ராக்கம்மா அதன் அடியில் கை கொடுத்து, பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு கூடவே வந்தாள்.

டிரஸ்ஸர் கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்ததும் அலறினார்.

"இழுக்காதை! சதை கிழிஞ்சு போம். வாளித் தண்ணிக்குள்ள கையோட தாட்டுப் பிடி!"

பிடித்தேன். தண்ணீரைக் கண்டதும் ஆமை வாயைத் திறந்துவிட்டது. கொதித்தாறிய தண்ணீரால் காயத்தைக் கால்மணி நேரம் கழுவி, இருந்த கடைசிச் சொட்டு அயோடினையும் விட்டார். நான் கத்தவேயில்லை. கேட்டதாகச் சொல்கிறவர்கள் பொய்யர்கள்.

ராக்கம்மா அவரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் விரல் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கே மனசு இளகிவிட்டது. திரும்பி வந்தவர் முழங்கை வரைக்கும் துணியைச் சுற்றினார்.

"ஒரு மாசத்துக்கு நீ இதை அவிழ்க்கப்படாது. நாந்தான் கட்டு மாத்துவன். மாத்தேக்க நீ அங்காலை பாக்கோணும், இல்லாட்டி மயக்கம் வரும். ஆமையிறைச்சியும் கூடாது."

அன்று சாயங்காலம் லயம் முழுக்க ஆமைக் கறி வாசனை. நான் கிழங்கு தின்றேன்.

ஆனாலும் விட்டேனா? வெள்ளிக்கிழமை கட்டோடு லாரியில் ஏறினேன். ஜப்பான் அதிகாரி என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். அது நழுவி அவர் பூட்ஸில் விழுந்தது. அவர் கை என் கன்னத்தில் விழுந்தது. இறங்கினேன்.

ஒரு மாதம் கழித்து டிரஸ்ஸர் கட்டை அவிழ்த்தார். சின்னத் தழும்பு. விரலை மடக்கினேன், மடங்கியது.

"எப்ப ஆறுச்சுங்க?"

"பத்து நாளிலை ஆறியிட்டுது. போக விடாதையுங்கோ எண்டு உன்ர மனிசிதான் அழுதவள்."

வீட்டுக்குப் பாய்ந்தேன்.

"ஏமாத்திட்டியா?"

"ஆமா" என்றாள், அடுப்பை ஊதிக்கொண்டே. "நாளைக்கு அடுத்த லாரி வருதாம்லா. கைதான் நல்லாயிருச்சே, போயிட்டு வாங்க. மூட்டையும் கட்டித் தர்றேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நீ சொல்லி நான் போறதா? போக மாட்டேன்!"

"போகத்தான் வேணும்."

"முடியாது! லாரி வாசலுக்கே வந்தாலும் முடியாது!"

ராக்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டது அன்று ஒரு நாள்தான்.